தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? வீட்டு இன்சூரன்ஸ் கிளைம் நிக்குறதும் விழுறதும் இந்தக் கேள்வியிலதான்

மழைத் தண்ணி வீட்டுக்குள்ள ஏறி வடிஞ்ச பிறகு நம்ம ஆளுங்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டதும் சொல்லுற முதல் வரி "சுவரெல்லாம் ஊறிப் போச்சு சார், ஒழுகுது" தான். பாதி கிளைம் அந்த வரியிலயே போயிருது. ஏன்னா வீட்டு பாலிசி நனஞ்சதுக்கு காசு குடுக்காது, எதனால நனஞ்சுதோ அந்தக் காரணத்துக்குத்தான் குடுக்கும். தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு, திடீர்னு வந்துச்சா இல்ல ரொம்ப நாளா கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சா, இந்த ரெண்டுக்கும் பதில் தெளிவா இருந்தா மிச்சமெல்லாம் பேப்பர் வேலை, அது குழம்பிப் போச்சுன்னா எவ்வளவு நியாயமான நஷ்டமா இருந்தாலும் இழுத்துக்கிட்டே கெடக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்துல இந்தக் குழப்பம் கொஞ்சம் ஜாஸ்தி. காரணம் நம்ம மழைதான். ஆனி ஆடியில தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில வடகிழக்குன்னு ரெண்டு பருவமும் நமக்குப் பெய்யும், சுவர் காயுறதுக்கு நேரமே கிடைக்காது. கொஞ்சம் பழசான எந்த வீட்டைப் பாத்தாலும் சுவரோட அடியில பெயிண்ட் உரிஞ்சு பாசி பிடிச்ச ஒரு கோடு இருக்கும்லா, அந்தக் கோடுதான் வில்லன். வெள்ளம் வடிஞ்ச பிறகு பாக்க வர்ற இன்சூரன்ஸ் சர்வேயருக்கு பழைய ஈரமும் புது ஈரமும் ஒண்ணாத்தான் தெரியும், அவர் பாட்டுக்கு "சீப்பேஜ் (நாள்பட்ட கசிவு), தேய்மானம்"னு எழுதிட்டுப் போயிட்டாருன்னா அப்புறம் அத மாத்துறது பெரும்பாடு.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்ககிட்ட இருக்கது வீட்டு இன்சூரன்ஸ்தானான்னு முதல்ல பாருங்க. ஹவுசிங் லோன் எடுக்கும்போது பேங்க்ல "இன்சூரன்ஸ் போட்டாச்சு"ன்னு சொல்லி ஒரு தொகையை லோன்லயே சேத்துருப்பாங்க, நெறய பேரு அதுதான் வீட்டுக்கான பாலிசின்னு நெனச்சிட்டு இருக்காங்க. பல நேரம் அது லோன் எடுத்தவர் இறந்து போனா பாக்கிக் கடனை அடைக்கிற லைஃப் பாலிசியா இருக்கும். வீடு முழுசா தண்ணியில போனாலும் அதுல பத்து பைசா வராது. இன்னும் சில இடத்துல ரெண்டுமே இருக்கும், ஆனா வீட்டு பாலிசியோட காப்பி பேங்க் ஃபைல்லயே தூங்கும். கேட்டு வாங்கி வச்சுக்கிடுங்க, வெள்ளம் வந்த பிறகு தேடுற பொருள் இல்ல அது.

2021 ஏப்ரல் 1-லேர்ந்து எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா'ன்னு ஒரே மாதிரி ஸ்டாண்டர்டு பாலிசி குடுக்கணும்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துற அமைப்பான ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டுச்சு. கம்பெனி பேரு மாறும், உள்ள இருக்க அடிப்படை வாசகம் மாறாது. அதுல புயல், சூறாவளி, சுனாமி, வெள்ளம், தண்ணி சூழ்ந்து நிக்குறது, நிலச்சரிவு, தண்ணி டேங்க்கும் பைப்பும் வெடிச்சோ நிரம்பி வழிஞ்சோ ஆகுற சேதம், மரம் மாதிரி வெளிப்பொருள் வந்து விழுந்து ஆகுற சேதம், எல்லாம் பேரு சொல்லி எழுதியிருக்கு. பேரு சொன்ன காரணத்துக்கு மட்டும்தான் பணம், இதுதான் அந்த பாலிசியோட மொத்த சூட்சுமமும். லிஸ்ட்டைத் திரும்பப் படிச்சீங்கன்னா வெறும் 'மழை'ன்னு ஒரு வார்த்தை அதுல தனியா இருக்காது. ஓடு விலகுன வீட்டுல, டெரஸ்ல வெடிப்பு விட்ட வீட்டுல சாதாரண மழைக்கு ஒழுகுனா அது வீட்டுக்காரர் பராமரிக்காத கணக்குல போயிரும். அதே வீட்டுல காத்துக்கு தென்னை சாஞ்சு ஓட்டு மேல விழுந்து, அந்த ஓட்டை வழியா மழை கொட்டி கட்டில் மெத்தை நாசமாச்சுன்னா ஆரம்பக் காரணம் மரம் விழுந்தது, புயல். கிளைம் நிக்கும். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்ப நம்ம மாவட்டத்துல ரப்பரும் தென்னையும் சாஞ்சு கெடந்த கெடப்பு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அந்த மாதிரி நேரத்துல தண்ணி மேல இருந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லாம எந்த மரம் எந்தப் பக்கம் விழுந்து எந்த ஓடு உடஞ்சுதுன்னு சொல்லணும், மரத்தை வெட்டி அப்புறப்படுத்துறதுக்கு முன்னாடி போட்டோ எடுக்கணும்.

பைப் விஷயமும் இதே கதைதான். பாத்ரூம் சுவருக்குள்ள பைப் திடீர்னு வெடிச்சு ராத்திரியோட ராத்திரியா ஹால் முழுக்க தண்ணி நின்னா அது லிஸ்ட்டுல இருக்கு. அதே பைப்புல ஜாயின்ட் லேசா கசிஞ்சு ஆறு மாசமா பக்கத்து ரூம் சுவர் பூத்துப் போயிருந்தா அது இல்ல. பிளம்பர் வந்து பாத்தா அவர்கிட்ட உடஞ்ச துண்டை வாங்கி வச்சுக்கிடுங்க, எங்க வெடிச்சது எப்ப மாத்துனதுன்னு பில்லுலயே எழுதச் சொல்லுங்க. பைப்பை மாத்துன செலவு தனியா, தண்ணியால நாசமான டைல்ஸ், கதவு, பெயிண்ட் செலவு தனியான்னு எஸ்டிமேட் வாங்குறது நல்லது, ஒண்ணாச் சேத்து ஒரே தொகையாக் குடுத்தா முழுசுக்கும் கேள்வி வரும்.

இப்ப நம்ம ஊருக்குன்னே இருக்க ரெண்டு வில்லங்கத்துக்கு வருவோம். முதலாவது வயல் நிரத்தி கட்டுன வீடு. நாகர்கோவிலைச் சுத்தி, சுசீந்திரம் பக்கம், தக்கலை மார்த்தாண்டம் ரோட்டோரம்னு எத்தனை ஏலா (வயல்வெளி) மண்ணடிச்சு நிரத்தி பிளாட் போட்டு வீடாயிருக்குன்னு சொல்ல வேண்டியதில்ல. பழைய நீரோட்டம் எங்க போச்சோ அங்கதான் வெள்ளமும் வரும், 2021 நவம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் அதான் பாத்தோம். தண்ணி உள்ள வந்து சாமான் போறது வெள்ளம், அது சரி. ஆனா வெள்ளம் வடிஞ்ச பிறகு தரை இறங்கி சுவர்ல விரிசல் விட்டுச்சுன்னா கதை வேற. நிலம் இறங்குறது, நிலச்சரிவு ரெண்டும் பாலிசியில இருக்கு, கூடவே விலக்கும் இருக்கு: நிரத்துன மண்ணு அமுங்குறதுக்கு கிடையாது, புது கட்டடம் தானா அமர்றதுக்கு கிடையாது, டிசைன் கோளாறுக்கும் மட்டமான வேலைக்கும் கிடையாது. சர்வேயர் அந்தப் பக்கம் சாயுறதுக்கு முன்னாடி, விரிசல் வெள்ளத்துக்கு முன்னாடி இல்லைன்னு காட்ட உங்ககிட்ட பழைய போட்டோ எதாவது இருக்கணும். பால் காய்ச்சுன போட்டோ, பொங்கல் போட்டோ, கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் தொங்கவிட்ட போட்டோ, எதுவா இருந்தாலும் பின்னாடி சுவர் தெரிஞ்சா போதும். இது சாதாரண யோசனையாத் தெரியலாம், ஆனா என்ஜினியர் சர்டிபிகேட்டை விட தேதியோட இருக்க ஒரு குடும்ப போட்டோ பல நேரம் வேலை செய்யும்.

ரெண்டாவது கடலோரம். நீரோடியில இருந்து ஆரோக்கியபுரம் வரைக்கும் கடல் சீற்றம், கள்ளக்கடல் (திடீர்னு பொங்குற கடல்)னு அலை வீட்டுக்குள்ள ஏறுறது வருஷா வருஷம் நடக்குறது. கடல்தண்ணி திடீர்னு உள்ள வந்து நின்னு வீட்டையும் சாமானையும் கெடுத்தா அத வெள்ளம், தண்ணி சூழ்ந்ததுங்கிற தலைப்புல கேக்கலாம். ஆனா அலை கொஞ்சங் கொஞ்சமா மண்ணை அரிச்சுக்கிட்டுப் போயி அஸ்திவாரம் வெளிய தெரிஞ்சு வீடு சாஞ்சா அது கடலரிப்பு, ஆத்தங்கரையிலனா ஆத்தரிப்பு, நிலம் இறங்குற பிரிவுல ரெண்டையுமே வெளிப்படையா விலக்கி வச்சிருக்காங்க. ஒரே வீட்டுல ஒரே வாரத்துல ரெண்டும் நடக்குற ஊர்ல இந்தக் கோட்டை எங்க போடுறதுன்னு எழுதுனவங்களுக்கே தெரியுமாங்கிறது என் சந்தேகம், ஆனா வாசகம் அப்படித்தான் இருக்கு. அதனால அலை வந்த தேதி, நேரம், தண்ணி எவ்வளவு உயரம் நின்னுச்சுன்னு சுவர்ல தெரியுற அடையாளம், இதையெல்லாம் அன்னைக்கே வீடியோ எடுத்து வச்சுக்கிடணும், நாலு நாள் கழிச்சு எடுத்தா அரிப்பு மட்டும்தான் தெரியும்.

மலைப்பக்கத்துக்காரங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்லிருதேன். பேச்சிப்பாறை, குலசேகரம், கடையால் பக்கம் சரிவுல வீடு கட்டுனவங்களுக்கு தாங்கு சுவர்தான் பெரிய செலவு. இந்த பாலிசியில காம்பவுண்டு சுவர், வேலி, கேட், தாங்கு சுவர், செப்டிக் டேங்க், தண்ணித் தொட்டி, சோலார் பேனல் எல்லாம் 'வீட்டுக் கட்டடம்'ங்கிற கணக்குலயே வருது. நெறய பேரு வீட்டுச் சுவருக்கு மட்டும் எஸ்டிமேட் குடுத்துட்டு விழுந்த காம்பவுண்டை கேக்காமலே விட்டுருதாங்க.

சாமானுக்கு வருவோம். வீட்டுக் கட்டடத்துக்கு பாலிசி எடுத்திருந்தா உள்ள இருக்க பொது சாமானுக்கு தனியா லிஸ்ட் குடுக்காமலே கட்டடத் தொகையில 20 சதவீதம் வரைக்கும், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் கவர் உண்டு. 20 லட்சத்துக்கு வீடுன்னா 4 லட்சம் சாமானுக்கு. வேண்டாம்னு நீங்களே எழுதிக் குடுத்திருந்தாத்தான் இல்ல. நகை, ஓவியம் மாதிரி விலை உயர்ந்த பொருளுக்கு இது செல்லாது, அதுக்கு தனி கவர் எடுக்கணும். காரு, பைக்கு இதுல வராது, அது வண்டி இன்சூரன்ஸ்ல பாக்கணும்.

கரண்ட் சாமான்லதான் ஆளுங்க ரொம்ப ஏமாறுதாங்க. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார், இன்வெர்ட்டர் இதெல்லாம் வெள்ளத் தண்ணிக்குள்ள மூழ்கி கெட்டா அது வெள்ளச் சேதம். ஆனா ஷார்ட் சர்க்யூட், ஓவர் வோல்டேஜ், தானா சூடாகி எரியுறது இதுனால ஒரு மின்சாதனம் தனக்குத் தானே கெட்டுப் போனா பாலிசியில விலக்கு. இப்ப தண்ணி வடிஞ்ச மறுநாளே கரண்ட் வந்ததும் "ஓடுதான்னு பாப்போம்"னு நனஞ்ச ஃபிரிட்ஜை போட்டு, அது புகைஞ்சு போச்சுன்னு வைங்க. மெக்கானிக் வந்து 'கம்ப்ரசர் ஷார்ட்'னு பில்லுல எழுதுவார், அவர் பொய் எழுதல, ஆனா சர்வேயர் அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்குவார். அதனால நனஞ்ச எந்த சாதனத்தையும் சர்வேயர் பாக்குற வரைக்கும் ஆன் பண்ணாதீங்க. உயிருக்கும் அதுதான் நல்லது. தண்ணி எந்த உயரம் வரைக்கும் நின்னுச்சு, சாதனத்துக்குள்ள சேறும் தண்ணியும் இருந்துச்சா, இத மெக்கானிக் ரிப்போர்ட்ல உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்க. மாடல் நம்பர், சீரியல் நம்பர் ஒட்டியிருக்க ஸ்டிக்கரை கிட்டக்க ஒரு போட்டோ.

சேதமான எதையும் சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி வெளிய தூக்கிப் போடக்கூடாதுங்கிறது ஒரு பக்கம், நஷ்டம் மேல மேல கூடாம தடுக்க வேண்டியது உங்க கடமைன்னும் பாலிசி சொல்லுது இன்னொரு பக்கம். இந்த ரெண்டும் இடிக்கும். மெத்தையும் அரிசி மூட்டையும் நாலு நாள் ஊறுனா வீடே நாறிரும், வச்சிருக்க முடியாது. அப்ப செய்ய வேண்டியது, ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து, கம்பெனிக்கு மெயிலோ வாட்ஸப்போ போட்டு "இத இன்னைக்கு அப்புறப்படுத்துறோம், ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க"ன்னு எழுத்துல தெரிவிச்சுட்டு அகத்துறது. தண்ணி இறைக்க மோட்டார் வாடகைக்கு எடுத்தது, தார்பாய் வாங்குனது, சேறு அள்ள ஆள் கூலி குடுத்தது எல்லாத்துக்கும் ஒரு துண்டுச் சீட்டாவது கையெழுத்தோட வாங்கி வைங்க. இடிபாடு அகத்துற செலவுக்கு கிளைம் தொகையில 2 சதவீதம் வரைக்கும், ஆர்க்கிடெக்ட், என்ஜினியர் ஃபீசுக்கு 5 சதவீதம் வரைக்கும் தனியா கிடைக்கும், அது உள்ளதே யாரும் சொல்ல மாட்டாங்க. வீடு குடியிருக்க முடியாத நிலைமையில இருந்தா சரியாகுற வரைக்கும் வேற வீட்டுல இருக்க வாடகை கேக்கவும் இடம் இருக்கு. வெள்ள நேரத்துல வீட்டை விட்டு வெளியேறி இருந்து திருட்டுப் போச்சுன்னா, சேதம் நடந்த 7 நாளுக்குள்ள நடந்த திருட்டுக்கும் கவர் உண்டு, போலீஸ்ல புகார் குடுத்திருக்கணும்.

தகவல் உடனே சொல்லணும், கிளைம் ஃபார்மை 30 நாளுக்குள்ள குடுத்துரணும். கரண்ட் இல்ல, டவர் இல்லன்னா துபாய்ல, குவைத்துல இருக்க மகனோ மகளோ அங்கேர்ந்தே மெயில் போடலாம், பாலிசி நம்பர் மட்டும் கையில இருந்தா போதும், கிளைம் நம்பர் வந்ததும் அதக் குறிச்சு வச்சுக்கிடணும். வெளிநாட்டுல இருக்கவங்க பூட்டிப் போட்டிருக்க வீடுன்னா இன்னொண்ணு: வீடு எத்தனை நாள் ஆளில்லாம கெடக்கலாம், கம்பெனிக்குத் தெரிவிக்கணுமான்னு உங்க பாலிசியில உள்ள நிபந்தனையை இப்பவே பாருங்க. பழைய ஃபயர் பாலிசி வச்சிருக்கவங்களுக்கு 30 நாளுக்கு மேல ஆளில்லாம இருந்தா சிக்கல்னு வாசகமே உண்டு.

வெள்ளம் வந்ததுக்கு ஆதாரம் நம்ம மாவட்டத்துல ஈசியா கிடைக்கும், இத நெறய பேரு பயன்படுத்துறதில்ல. பாலமோர், சுருளக்கோடு, மயிலாடி, கொட்டாரம், இரணியல், கோழிப்போர்விளை, முள்ளங்கினாவிளைன்னு இடம் இடமா பெஞ்ச மழையை மில்லிமீட்டர்ல போட்டு, பேச்சிப்பாறை பெருஞ்சாணி அணையில எவ்வளவு தண்ணி, எவ்வளவு திறந்துவிட்டாங்கன்னு மழைக்காலத்துல பேப்பர்ல தினமும் வரும்லா, அந்தக் கட்டிங்கை தேதியோட எடுத்து ஃபைல்ல வைங்க. உங்க ஊருக்குப் பக்கத்து மழைமானி அளவும், உங்க தெருவுல தண்ணி நிக்குற போட்டோவும், விஏஓ குடுக்குற சேதச் சான்றும் ஒரே தேதியைச் சொன்னா "பழைய ஈரம்"ங்கிற வாதம் அங்கேயே அடிபட்டுரும். விஏஓ வந்து எழுதுறது அரசு நிவாரணத்துக்கு, அது வேற பணம், இது வேற பணம், ஆனா அந்தப் பேப்பரோட காப்பி ரெண்டுக்கும் உதவும்.

சர்வேயரை கம்பெனிதான் போடும், அவர் ஃபீசும் கம்பெனிதான் குடுக்கும், உங்ககிட்ட கேட்டா குடுக்க வேண்டியதில்ல. 2024-ல ஐஆர்டிஏஐ போட்ட மாஸ்டர் சர்குலர்படி 24 மணி நேரத்துக்குள்ள சர்வேயரை நியமிக்கணும், அவர் 15 நாளுக்குள்ள ரிப்போர்ட் குடுக்கணும், ரிப்போர்ட் கிடைச்சு 7 நாளுக்குள்ள கம்பெனி முடிவு சொல்லணும். ஊரே மூழ்குன நேரத்துல திருநெல்வேலி மதுரையிலேர்ந்து ஒரே ஆள் நூறு வீடு பாக்க வரும்போது இந்தக் கணக்கு எந்த அளவுக்கு நடக்கும்ங்கிறது வேற விஷயம், ஆனா தாமதமானா மெயில்ல இந்த நாள் கணக்கை எழுதிக் கேக்குறவங்களுக்கு கொஞ்சம் வேகமா நடக்குறத கண்ணால பாத்திருக்கேன். அவர் வரும்போது வீட்டுல யாராவது கூடவே நடந்து ஒவ்வொரு அறையா காட்டணும். ஏற்கனவே இருந்த பழைய ஈரத்தை மறைக்காதீங்க, "இது பழசு, இதுக்கு கேக்கல, இந்தக் கோட்டுக்கு மேல உள்ளது புதுசு"ன்னு நீங்களே பிரிச்சுக் காட்டுனா மத்தத அவர் நம்புவார். பொய்க் கிளைம்னு ஒரு இடத்துல தெரிஞ்சா மொத்தமும் போயிரும்.

தொகையில வெட்டு விழுற இடம் எதுன்னா, பழைய பாலிசிகள்ல குறைவா இன்சூர் பண்ணியிருந்தா அதே விகிதத்துல கிளைமையும் குறைப்பாங்க. திரும்பக் கட்ட 30 லட்சம் ஆகுற வீட்டுக்கு 15 லட்சத்துக்கு பாலிசி எடுத்து, 2 லட்சம் நஷ்டம் வந்தா கையில வர்றது 1 லட்சம்தான். பாரத் கிருஹ ரக்ஷாவுல அந்த வெட்டு கிடையாது. அதனால உங்க பாலிசி எந்த வகைன்னு தெரியாம சர்வேயர் சொல்லுற கழிவை ஒத்துக்கிடாதீங்க. இன்னொண்ணு, தொகை கட்டடத்துக்குத்தான், சென்ட் விலைக்கு இல்ல. நாகர்கோவில்ல சென்ட் என்ன விலைக்குப் போனாலும் மண்ணு வெள்ளத்துல போகாது, திரும்பக் கட்டுற செலவுதான் கணக்கு.

லோன் இருக்க வீடுன்னா பாலிசியில பேங்க் பேரு இருக்கும், பணம் நேரா பேங்க்குக்குப் போயி கடன்ல கழியலாம். ரிப்பேருக்குத்தான் பணம் வேணும்னா கிளைம் நடக்கும்போதே மேனேஜர்கிட்ட எழுத்துல கேட்டு சம்மதம் வாங்கணும், பணம் வந்த பிறகு கேட்டா கஷ்டம். கடைசியில கம்பெனி 'முழு தீர்வு'ன்னு ஒரு வவுச்சர் நீட்டும். கையெழுத்துப் போட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு பயந்து பணத்தையே வாங்காம இருக்கவங்களும் உண்டு, அது தேவையில்ல. அந்த மாதிரி வவுச்சர்ல கையெழுத்துப் போட்டதாலயே கூடுதல் தொகை கேட்டு கோர்ட்டுக்குப் போற உரிமை போயிராதுன்னு ஐஆர்டிஏஐ 2015-லயே சர்குலர் போட்டிருக்கு. இருந்தாலும் "ஆட்சேபத்தோட வாங்குறேன்"னு ஒரு மெயிலை அன்னைக்கே அனுப்பிருங்க.

சர்வே ரிப்போர்ட் காப்பியைக் கேட்டு வாங்குங்க, அது இல்லாம சண்டை போட முடியாது. சர்வேயர் எழுதுனதே கடைசி வார்த்தை இல்லன்னு சுப்ரீம் கோர்ட் 2009-லயே சொல்லிருக்கு, ஆனா அத உடைக்க உங்க பக்கம் எதாவது பேப்பர் வேணும், சும்மா அநியாயம்னா ஆகாது. முதல்ல கம்பெனியோட குறை தீர்க்கும் அதிகாரிக்கு எழுதணும். ஒரு மாசத்துல பதில் இல்லைன்னாலோ பதில் சரியில்லைன்னாலோ, ஒரு வருஷத்துக்குள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட (பாலிசிதாரர் புகாரை விசாரிச்சு தீர்ப்பு சொல்லுற அதிகாரி) போகலாம், 50 லட்சம் வரைக்கும் கேக்கலாம், ஃபீஸ் இல்ல, வக்கீல் வேண்டாம். நமக்கு திருவனந்தபுரம் பக்கம், கொச்சி கூட கிட்டத்தான், ஆனா நம்ம மாவட்டம் சென்னை ஆம்பட்ஸ்மேன் எல்லைக்குள்ளதான் வருது, கொச்சிக்கு அனுப்புனா திருப்பி விட்டுருவாங்க. சென்னைக்கு ரயில் ஏறணும்னு மலைக்க வேண்டாம், 2021-லேர்ந்து ஆன்லைன்லயே புகார் பதியலாம், விசாரணையும் வீடியோவுல நடத்த வழி இருக்கு. இல்லன்னா நாகர்கோவில்லயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, அதுக்கு ரெண்டு வருஷம் டைம். ஒரே விஷயத்துக்கு ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல போக முடியாது, நுகர்வோர் ஆணையத்துல வழக்கு நடந்துக்கிட்டிருந்தா ஆம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார், அதனால பெரும்பாலும் செலவில்லாத ஆம்பட்ஸ்மேன்கிட்ட முதல்ல போறதுதான் புத்திசாலித்தனம், அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களுக்குப் பிடிக்கலன்னா நீங்க அதுக்கப்புறமும் ஆணையத்துக்குப் போகலாம்.